மன்னனை எதிர்த்தவர்களும் எங்கள் வீட்டுக்காரரும்

அந்த வருடம் எங்கள் வீட்டுக்காரர் இங்கிலாந்து மன்னன் ஒருவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மன்னன் செத்து முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கிவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே மகளின் பாடப்புத்தகத்தைத்தான் தேடுவார். மகள் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. பாராளுமன்றத்தின் பக்கம் நின்று மன்னனை எதிர்த்த சிப்பாய்களும் அரசியல்வாதிகளும்தான் அவளுக்குச் சரித்திரப் பாடமாக வந்து வாய்த்தார்கள். படித்தது அவள். நித்திரை கெட்டது அவர். விசர் பிடிக்கப் பார்த்தது எனக்கு.

2014 என்று நினைக்கிறேன். நியூசிலாந்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பாபடோயிட்டோயில் வாடகை வீடு. கூரைக்கு மேலால் விமானங்கள் போய்க்கொண்டேயிருக்கும். வேறு நாட்களில் காதிலேயே விழாத அந்த இரைச்சல், அந்த வருடம் முழுக்க என்னை இருக்கவிடவில்லை. இத்தனை பேர் எங்கெங்கோ போகிறார்கள், இந்த மனிதர் மட்டும் போகாமல் இருக்கிறாரே என்று ஒவ்வொரு விமானத்துக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

லண்டனில் அவருடைய அண்ணை சாகக் கிடந்தார். நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சிறுநீரகம் இரண்டும் போய், மெஷினில் படுத்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார். இனி அதையும் உடம்பு கனகாலம் தாங்காது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அண்ணையும் தம்பியும் நேரில் பார்த்து முப்பது வருடம் இருக்கும். இவர் கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். அதைக் காட்டி விசா கேட்டுப் பார்த்தோம், மறுத்துவிட்டார்கள். திரும்பவும் கேட்டோம், திரும்பவும் மறுத்தார்கள். நியூசிலாந்துப் பாஸ்போர்ட் இருந்தால் லண்டனுக்கு விசாவே தேவையில்லை. பாஸ்போர்ட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். பிரஜாவுரிமைக்கோ, ஒரு மண்டபத்தில் எழுந்து நின்று, ராணிக்கும் ராணியின் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வாய்விட்டுச் சத்தியம் செய்யவேண்டும். எல்லாம் அங்கே வந்து நின்றது.

நானும் மகளும் சில வருடங்களுக்கு முன்பே அதைச் செய்துவிட்டோம். அன்றைக்கு இவர் மண்டபத்துக்குள் வரவேயில்லை. கார்களுக்கு நடுவில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அண்ணைக்கு வருத்தம் கடுமை என்று தெரிந்ததும் நான் விண்ணப்பத்தை நிரப்பி முன்னால் வைத்தேன். "கடுதாசிதானே" என்று கையெழுத்து வைத்தார். அது சரிவந்து, விழாவுக்குக் கூப்பிட்ட அன்று காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. வந்த கோபத்துக்கு அந்தப் போர்வையை இழுத்து முற்றத்தில் எறிந்தேன்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, நாட்டைப் பிரிக்க ஆதரவு கொடுக்கமாட்டோம் என்று அரச உத்தியோகத்தர் சத்தியம் செய்யவேண்டுமென்று இலங்கையில் சட்டம் வந்தது. அண்ணை கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளார்க். இவர் புதிதாக நியமனம் கிடைத்த வாத்தியார். அண்ணை மாட்டேன் என்று வேலையை விட்டார். வீட்டுக்கு ஒரு சம்பளமாவது வேண்டும், நீ செய் என்று தம்பிக்குச் சொன்னவரும் அவர்தான். இவர் செய்தார். வாய் கூசிச் செய்ததாக இன்றைக்கும் சொல்வார். அண்ணை லண்டனுக்குப் புறப்பட்ட அன்று, யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில், தம்பியின் வலது கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "இனி எந்த அரசாங்கத்துக்கும் எந்த ராசாவுக்கும் என்ர வாயால சத்தியம் பண்ணமாட்டன் எண்டு சொல்லு" என்றிருக்கிறார். இவர் சொன்னார். ரயிலும் வெளிக்கிட்டுவிட்டது.

ஒருவர் தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் போவது அந்தத் தலைதான். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இவர் சரித்திரம் படிப்பித்தவர், கோயிலுக்கு வரவே பஞ்சிப்படுகிறவர், இதை மட்டும் முழுசாக நம்பினார். அண்ணையைப் பார்க்கவேண்டுமென்றால் சத்தியம் செய்யவேண்டும். செய்தால் பார்க்க அண்ணை இருக்கமாட்டார்.

"சாகக் கிடக்கிற மனிசன்ர தலையிலயோ நான் விளையாடுறது?" என்பார்.

மற்ற எதற்கும் அவரைப் பேசுகிறவள், இதற்கு மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகளின் புத்தகம் வீட்டுக்குள் வந்தது. முதலில் இவருக்கு ஒரே கொண்டாட்டம்.

"பாரும், ஒரு ராசாவைப் பிடிச்சுக் கூண்டில ஏத்தி வழக்கு வைச்சிருக்கிறாங்கள்!"

சாதாரணச் சிப்பாய்கள் ஒரு தேவாலயத்தில் தளபதிகளோடு சமமாக இருந்து, ஏழைக்கும் வாக்கு வேண்டும் என்று வாதாடியதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குப்பை வாளியை வெளியே வைக்கச் சொன்னால்கூட, பாராளுமன்றப் படை எந்தப் பக்கத்தால் வந்தது என்றுதான் பதில் வரும்.

பக்கங்கள் போகப் போக ஆளின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த வீரர்களும் சத்தியத்தில் மாட்டுப்பட்டவர்கள்தான். மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்குமாகப் போராடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே மன்னனின் படையைச் சுட்டார்கள். மன்னனின் உயிரைக் காப்போம் என்று ஓர் உடன்படிக்கையில் சத்தியம் செய்தார்கள். பிறகு அவன் தலையை வெட்டினார்கள். மன்னன் இல்லாத நாட்டுக்கு உண்மையாயிருப்போம் என்று இன்னொரு சத்தியம். கொஞ்சக் காலத்தில் அவனுடைய மகன் திரும்பி வந்து முடிசூட, அவனுக்கும் போய்ச் சத்தியம் செய்தவர்கள் கனபேர். மரண உத்தரவில் கையெழுத்து வைத்த ஒருவன், என் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக எழுதவைத்தார்கள் என்று சொல்லித் தப்பிவிட்டான்.

"வெக்கங்கெட்டவங்கள்! சட்டை மாத்திற மாதிரிச் சத்தியத்தை மாத்தியிருக்கிறாங்கள்" என்று புத்தகத்தை மேசையில் அடித்தார்.

"அவனுக்கும் பெண்சாதி பிள்ளையள் இருந்திருக்குமப்பா" என்றேன். எனக்கு அந்தக் கை பிடிபட்டவனில் ஒரு பாவம் வந்துவிட்டது.

"கடைசி மட்டும் மாறாமல் நிண்டவங்களும் இருக்கிறாங்கள். சாகக் கொண்டுபோகேக்கையும் செய்தது சரி எண்டு சொன்னவன் இருக்கிறான், தெரியுமோ?"

"அவன்ர பெண்சாதி என்ன சொன்னவளாம்? அது உந்தப் புத்தகத்தில இருக்கோ?"

இல்லை போலிருக்கிறது. திரும்பவும் பக்கங்களைப் புரட்டினார். மகள் அறைக்குள்ளிருந்து, வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்கவேண்டும், புத்தகத்தைத் திருப்பித் தரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் வேர்ட்ஸ்" என்றாள்.

"வேர்ட்ஸ்தான் பிள்ளை. அதாலதானே எல்லாம்" என்றார் இவர்.

அடுத்த விழாவுக்குக் கடிதம் வந்தது. லண்டனிலிருந்து அண்ணியின் குரல் ஒவ்வொரு அழைப்பிலும் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும்போது ஒரே அறைக்குத் திரும்பத் திரும்பத் தேநீர் கொண்டுபோனேன். வீட்டுக்கு வந்தால் துடைத்த அலுமாரியையே துடைத்தேன். ஒரு நாள் காலையில் இவர் வேலைக்குப் போனதும் பொறுக்க முடியாமல் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணையே கதைத்தார்.

"பிள்ளை, அவன் வருவானோ?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவருடைய தலை, இவருடைய கை, ரயில் நிலையம், காய்ச்சல் வராத காய்ச்சல், எல்லாம்.

"அதை அவன் இன்னும் வைச்சுக்கொண்டிருக்கிறானோ?" என்றார். பிறகு, "நான் எப்பவோ பண்ணிட்டன் பிள்ளை" என்றார்.

"என்ன அண்ணை?"

"இதே ராணிக்குத்தான். இஞ்ச அப்ப விழா ஒண்டும் இல்லை. ஒரு சட்டத்தரணிக்கு முன்னால நிண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சனான். தம்பி கேக்க, அப்பிடி ஒண்டும் இல்லை, வெறும் கடுதாசிதான் எண்டு சொல்லிப்போட்டன். நீர் அவனிட்டச் சொல்லிப்போடாதையும். அவன் என்னைப் பெரிய ஆளெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

தொலைபேசியை வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாகக் கிடக்கிற மனிதரைத் திட்டுகிறோமே என்றுகூட நினைக்கவில்லை. தான் ராணியின் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டிருக்க, இங்கே ஒருவன் முப்பது வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். கொஞ்சம் ஆறிய பிறகு அழுகை வந்தது. வேலையை விட்டு, ஊரை விட்டு, அந்தக் குளிரில் தனியாகப் போய் நின்றவருக்கும் ஒரு பாஸ்போர்ட் தேவைப்பட்டிருக்கும்தானே.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான கரைச்சல். ஒரு வார்த்தை சொன்னால் இவருடைய கட்டு அவிழ்ந்துவிடும். ஆனால் சொன்னால், இவர் பார்க்கத் துடிக்கிற அந்த அண்ணை இல்லாமல் போய்விடுவார். சோறு போடும்போது வாய்வரை வரும். காரில் பக்கத்தில் இருக்கும்போது வரும். ஒரு தரம் "இஞ்சருங்கோ" என்று தொடங்கியே விட்டேன். "என்ன?" என்று திரும்பினார். "உப்புக் காணுமோ?" என்று கேட்டேன். அப்போது தேத்தண்ணிதான் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. இவர் கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய் வெகுநேரம் நின்றார். உள்ளே வந்து, "அந்த வெள்ளைச் சேட்டை அயர்ன் பண்ணித் தாரும். நாளைக்கு விழாவுக்கு வாறன்" என்றார். எனக்குச் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மனிதர் என்ன முடிவோடு வருகிறார்?

எங்களுக்குப் பக்கத்து மனுக்காவில் ஒரு பெரிய மண்டபம். எத்தனையோ நாட்டுச் சனம், எத்தனையோ நிறத்தில் உடுப்பு. நானும் மகளும் பார்வையாளர் பக்கத்தில் இருந்தோம். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். மேடையில் ஒருவர் ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, இவர்கள் திருப்பிச் சொல்லவேண்டும். நான் இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்க முதல் கை எழும்பியது. வலது கையை எடுத்துத் தன்னுடைய தலையில் வைத்தார். உள்ளங்கை பதிய, அழுத்தி வைத்தார். அப்படி நின்றபடியே ராணியின் பெயரையும் வாரிசுகளையும் ஒன்றுவிடாமல் உரத்துச் சொன்னார்.

மீறுகிற பழி அண்ணைக்குப் போகாமல் தன் தலையோடு போகட்டும் என்று வைத்த கை அது. பக்கத்தில் நின்ற ஃபிஜிக்காரப் பெரியவர் இவரைப் பார்த்துவிட்டு, இப்படித்தான் செய்யவேண்டும் போலிருக்கிறது என்று தானும் தலையில் கையை வைத்தார். அவருடைய மனைவியும் வைத்தாள். மேடையில் நின்றவர் குழம்பிப்போய், ஏதோ பெரிய சம்பிரதாயம் என்று எண்ணிக் குனிந்து மரியாதை செய்தார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வை இஸ் அப்பா டூயிங் தட்?" என்று என் காதுக்குள் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாஸ்போர்ட் வந்ததும் பறந்துவிட்டார். போய் இறங்கிவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. பிறகு சத்தமே இல்லை. எடுத்தால் எடுக்கவில்லை. அண்ணைக்கு ஏதும் நடந்து, சத்தியம் பலித்துவிட்டது என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கிறாரோ என்று நான் வீட்டுக்குள் நடந்து நடந்து செத்தேன். அடுத்த நாள் காலையில்தான் எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அண்ணை எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கிறார்."

எனக்கு மூச்சு வந்தது.

"எல்லாம் சொன்னவர்" என்றார். "உமக்கு முந்தியே தெரியுமாம்."

"ஓம்."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நல்லகாலம் நீர் சொல்லேல்லை. சொல்லியிருந்தா அந்தக் கோவத்தில நான் வந்திருக்கமாட்டன்."

"இப்ப கோவமில்லையோ?"

"இருக்கு. ஏன் இல்லாமல்? நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கவேணும் எண்டுதான் இருக்கிறன்."

"கேட்டனீங்களோ? ஏன் இப்பிடி மெல்லமாக் கதைக்கிறீங்கள்?"

"ஆள் நித்திரை" என்றார். "என்ர கை அவற்ற தலையில கிடக்கு. எடுத்தா முழிச்சிடுவார்."