நித்திரையில் மூச்சு விடுவது யார்?

நேற்றுப் பின்னேரம் ஜவாத் நானாவின் மகன் கிண்ணியாவிலிருந்து அழைத்தார். “வாப்பா மௌத்தாகிட்டாங்க, அங்கிள்.” தகப்பனை இழந்தவருக்கு ஆறுதல் சொல்லாமல், நித்திரையிலா என்றுதான் கேட்டேன். “இல்ல அங்கிள். முழிச்சிருந்து கதச்சிட்டு இருக்கக்குள்ளதான்.”

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களைக் கரைக்கு அணைக்கும் இழுவைப்படகொன்றில் நானா தலைமை எஞ்சின்காரர். நான் அவருக்குக் கீழே வேலை செய்தவன், அண்ணன் என்ற உரிமையில் நானா என்று அழைத்தவன். எஞ்சின் இரைச்சலில் நாங்கள் நன்றாகத் தூங்குவோம். இரைச்சல் நின்றால்தான் பதறி எழுவோம். நானாவின் குறட்டைக்கும் அப்படியே பழகிவிட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் கண்ணயர்வார். திடீரென்று குறட்டை நிற்கும், நெஞ்சு அசையாது. அருகிலிருப்பவர் உடனே அவருடைய கால் பெருவிரலை அமுக்குவார். நீண்ட மூச்சோடு எழுந்து, கப்பல் வந்துவிட்டதா என்று கேட்பார். ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு நாங்கள் தேத்தண்ணி குடிப்போம்.

நாளாக நாளாக அவர் சோர்ந்து போனார். நின்றபடியே கண் சொருகியது. ஒருநாள் எழும்பாமலே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விடாப்பிடியாக டொக்டரிடம் கூட்டிப்போனேன். நானாவுக்கோ பயத்தைவிட ஆவல்தான் அதிகம்.

“டொக்டர், நான் நித்திரையில கிடக்கக்குள்ள மூச்ச விடுறது ஆரு?”

டொக்டர் பொறுமையாக விளக்கினார். பிடரிக்கு உள்ளே, மூளையின் அடித்தண்டில் ஒரு பகுதி உறங்குவதே இல்லையாம். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு, அதாவது நாம் வெளியே விடும் கரியமில வாயு கூடினால், மூச்சை இழு என்று தசைகளுக்கு உத்தரவு அனுப்புமாம். நித்திரையில் அந்தக் காவல் கொஞ்சம் மந்தமாகும்.

“குழாயில அடைப்பா, இல்ல மேலயிருந்து ஓடர் வரல்லையா?” என்றார் நானா.

டொக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. நெஞ்சில் பட்டி கட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தொண்டை அடைத்திருந்தால் நெஞ்சு மூச்சுக்குப் போராடும். நானாவின் நெஞ்சு சும்மா கிடந்தது. உத்தரவுதான் பிந்தியது. காபனீரொட்சைட்டு ஏறி ஏறி, கடைசியில் மூளையே அவரை உலுக்கி மூச்சுவிட வைத்தது. அந்த உலுக்கலில்தான் நித்திரை துண்டு துண்டாகிப் போனது. நாங்கள் அதையும் முந்திக்கொண்டு விரலை அமுக்கியிருக்கிறோம்.

நானா விழுந்து விழுந்து சிரித்தார். “மூளையும் நீங்களும் கூட்டுச் சேந்துதான் என்ன நித்திரை கொள்ள விடல்ல.”

பிறகு முகமூடி இயந்திரம் வந்தது. மூச்சு பிந்தினால் அது காற்றை ஊதும். எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் அதை மாட்டினார். முகம் தெளிந்தது. ஆனாலும் அவர் கண்ணயர்ந்தால், அடுத்த மூச்சுக்குக் காத்திருப்பதை நான் விடவில்லை. எல்லாம் விளங்கின பிறகும் பயமா என்று கேலி செய்தார். ஓம் நானா, பயம்தான் என்றேன்.

இன்று காலை அவர் வெள்ளைக் கபன் துணி சுற்றிக் கிடந்தார். நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கை தன்பாட்டில் காலடிக்குப் போய், துணிக்கு மேலால் பெருவிரலை அமுக்கியது. மகன் கண்டார், தடுக்கவில்லை.

எழுப்பவில்லை நானா, பழக்கம். ஆறுதலாக நித்திரை கொள்ளுங்கள்.