பனிக்குள் கேட்ட ‘காணவில்லை’

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலை. பழவேற்காட்டிலிருந்து ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு ஊருக்குப் படகில் போய்க்கொண்டிருந்தேன். நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். அந்த ஊரின் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் எங்கள் படிப்பகம் ஒன்று இருந்தது. ஒரு அலமாரி, இரண்டு பெஞ்சு, ஒரு தினசரி, அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் மாதக்கணக்காக ஒரே பெண்ணின் கையெழுத்து. ஒருவருக்காக ஒரு படிப்பகமா, பயன் இல்லை, மூடிவிடலாம் என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். நேரில் பார்த்ததாக ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பயணம்.

வழக்கமான படகுக்காரர் வரவில்லை. சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவர் வந்தார்; இந்தப் பக்கத்துக்குப் புதியவர். படகில் நாங்கள் இருவர் மட்டும். பாதி வழியில் பனி இறங்கி, படகின் முனைகூடத் தெரியாமல் போனது. போதாததற்கு இன்ஜின் விசிறியில் ஏதோ பழைய வலை சுற்றி நின்றுவிட்டது. அவர் நீளமான கோலை எடுத்து ஊன்றினார். இடுப்பளவு தண்ணீர்தானே என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோல் முழுவதும் உள்ளே போயும் தரை தட்டவில்லை.

“தண்ணி கடல் பக்கம் வடியுது மேடம். முகத்துவாரத்துக்குக் கிட்ட வந்துட்டோம்னு நெனைக்கிறேன்” என்றார்.

அலைச் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. எது கரை, எது கடல் என்று புரியவில்லை. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. பெண் குரல். ஏற்ற இறக்கமில்லாமல், நிறுத்தி நிறுத்தி.

“காணவில்லை. வயது நாற்பத்திரண்டு. மாநிறம். கண்ணாடி அணிந்தவர். கடைசியாகப் பார்த்தபோது மஞ்சள் நிறப் புடவை கட்டியிருந்தார்.”

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கண்ணாடி போடுவேன். கட்டியிருந்தது மஞ்சள் புடவை.

படகுக்காரர் என் புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. “ஒங்களயா தேடறாங்க மேடம்?” என்று மெல்லக் கேட்டார். என் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. குரல் அதையே மறுபடியும் முதலிலிருந்து சொன்னது.

அந்தக் குரலை நோக்கிப் போக இருவருக்கும் பயம்தான். ஆனால் கடல் பயம் அதைவிடப் பெரிது. ஆளுக்கொரு பலகையை எடுத்து, குரல் வந்த திசையில் மூச்சு முட்டத் துழாவினோம். எவ்வளவு நேரமோ தெரியாது. ஒரு கட்டத்தில் கோல் தரையைத் தொட்டது.

பனிக்குள்ளிருந்து அந்தப் புயல் கட்டடமே எழுந்து வந்தது. மொட்டை மாடியில் ஒலிபெருக்கி. வராந்தாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மைக் முன்னால் ஒரு பெண், கையில் முந்தின நாள் பேப்பர், ‘காணவில்லை’ விளம்பரம் இருந்த பக்கம். என்னைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் என் மஞ்சள் புடவைக்குப் போனது. ஒரு கிழவி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். “சூடாத்தான் கீது” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

படித்துக்கொண்டிருந்தவள்தான் அந்த ஒற்றைக் கையெழுத்துக்காரி. “பனி உழுந்தா மைக்கப் போட்டுருவேன் மேடம். போட்டுங்களுக்குக் கரை எந்தப் பக்கம்னு தெரியணும்ல. சும்மா கூவறதுக்குப் பேப்பரப் படிச்சா இவங்களும் கேப்பாங்க. ஆயாவுக்குக் காது மந்தம், எதையும் ரெண்டு வாட்டி படிக்கணும்.”

“மற்ற நாட்களில்?”

“தெனமும் படிப்பேன், மைக் இல்லாம. இவங்க யாருக்கும் எழுத்து தெரியாது.”

இவர்கள் ஏன் பதிவேட்டில் இல்லை என்று கேட்டேன். “படிக்கறவங்க மட்டும் கையெழுத்து போடணும்னு அட்டையில எழுதிக்கீதே” என்றாள். அந்த வரியை எல்லாப் பதிவேட்டிலும் ஒட்டச் சொன்னவள் நான்தான்.

எங்கள் படகில் வந்த அன்றைய பேப்பரை வாங்கிக்கொண்டாள். “மஞ்சப் பொடவக்காரி கெடச்சாளான்னு பாரும்மா” என்றாள் கிழவி. எல்லாப் பக்கமும் புரட்டினோம். ஒன்றும் இல்லை. அவள் கிடைத்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் குறிப்பைக் கிழித்துவிட்டு, கேட்பவர்களையும் சேர்த்து எண்ணி வேறொன்று எழுதினேன். படிப்பகம் இன்னும் நடக்கிறது. இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பயன் இல்லை என்று நான் எழுதிய படிப்பகத்தின் தினசரிதான் அன்று என்னைக் கரை சேர்த்தது.