பால்சுறா தேடிப் போன நாள்

என் அண்ணிக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாளாகியும் பால் ஒரு சொட்டுக்கூட ஊறவில்லை. ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள். பசும்பாலை ஊட்டினால் பிள்ளை கக்கியது. அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகியது. பால்சுறாவைப் புட்டு வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்று தெருவே சொன்னது. தேக்கா சந்தையிலோ நாலு நாளாகச் சுறாவே இல்லை.

மாட்டுவண்டி ஓட்டும் என் அண்ணன், கப்பலில் வந்தபோது வாந்தியெடுத்ததிலிருந்து குளிக்கிற தொட்டியைப் பார்த்தாலே கும்பிடுகிறவர். காத்தோங் கடற்கரைவரை தங்கச்சி என்னைக் கொண்டுபோய் விட்டார், அவ்வளவுதான். எங்கள் தெருவில் மீன் விற்றே தமிழ் கற்றுக்கொண்ட மலாய்க்காரி ஒருத்தி என்னைத் தன் தோணியில் ஏற்றிக்கொண்டாள். ஆள் தும்மினாலே ஆடுகிற தோணி.

இடுப்பளவுத் தண்ணீர். கணவாய்த் துண்டைத் தூண்டிலில் கோத்துப் போட்டோம். வந்ததெல்லாம் கெளுத்தி. வெயில் ஏற ஏறக் கடல் உள்வாங்கத் தொடங்கியது.

"தண்ணி போச்சுன்னா சுறாவும் போயிரும்லா. திரும்பலாம்" என்றாள் மலாய்க்காரி.

"திரும்பிப் போயி என்னத்தக் குடுக்கறது, கெளுத்தி மீசையவா?"

அவள் சிரிக்கவில்லை. நானும் அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அந்த நேரத்தில் தூண்டில் கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. கை நீளத்துக்கு ஒரு சுறா. உள்ளே இழுத்துப் போட்டதும் தோணி கவிழ்கிற மாதிரித் துள்ளியது. துடுப்பை எடுத்து அடிக்க நேரமில்லை, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அல்லா! உக்காந்தே கொன்னுட்டியா!"

வீட்டுக்கு வந்து அவித்து, உதிர்த்து, பூண்டு போட்டு வதக்கிக்கொண்டு போனால் அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

"இந்தப் புள்ளயாவது தங்கணும்னு மாரியாத்தாவுக்கு நேந்திருக்கேன். ஒரு வருசம் கவுச்சி தொட மாட்டேன்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன அண்ணி?"

"நீ கடலுக்குப் போனத எங்கிட்ட யாரு சொன்னா?"

பிள்ளைக்குக் கண் செருகியது.

"அந்த ஒரு வருசம் ஒங்களுக்குப் பதிலா நான் கவுச்சி தொடாம இருக்கேன். ஆத்தா கண்ணக் குத்துறதுன்னா என் கண்ணக் குத்தட்டும். நீங்க வாயத் தொறங்க."

அண்ணி அழுதுகொண்டே விழுங்கினாள்.

மறுநாளும் ஒன்றுமில்லை. சீனித்தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். சாமி படத்தின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணியின் சேலை முன்பக்கம் நனைந்திருந்தது.

"தண்ணியக்கூடச் சிந்தாமக் குடிக்கத் தெரியாதா?" என்று வைதேன்.

அவள் பிள்ளையைக் கேட்டுக் கையை நீட்டினாள்.