நசீர் தீட்டாத கறுப்பு

அவிநாசியில் ஒரு பிற்பகல் அரங்கக் கூட்டம். நான் பேசிக்கொண்டிருந்தபோது மேடைக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்தது. நாற்பதாண்டு மேடையில் நின்றவனுக்குச் சீட்டு என்றால் ஒரே பொருள்தான்: நேரமாயிற்று, முடியுங்கள். அத்தகைய சீட்டுகளை நான் படிப்பதில்லை. மடித்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு குரலை உயர்த்துவேன். அன்றும் அதையே செய்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கீழிறங்கிப் பிரித்தேன். "நசீர் தவறிவிட்டார். மாரடைப்பு. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். உடனே வரவும்."

நசீர் வாழ்ந்த உக்கடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியவாறு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நண்பர்களே, அந்த முக்கால் மணி நேரம் நான் என்ன பேசினேன் என்பது இன்று நினைவில்லை. கைதட்டினார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நசீர் சுவரொட்டி ஓவியர். தாமே வரைந்து, தம் வீட்டு மாடியறையில் தாமே அச்சிடுவார். பதினோராண்டாக எங்கள் இயக்கக் கூட்டங்களுக்கெல்லாம் அவர் படமே. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்துணியின் வழியே மையைத் தாளில் இறக்கும் அத்தொழிலுக்கு நான் 'துணித்திரை அச்சு' என்று பெயர் சூட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யா, துணித்திரைக்கு மை குடுங்கன்னு கடையில கேட்டா, சன்னல் துணிக்குச் சாயம் கேக்கறேன்னு நெனைச்சுப்போடுவாங்க. ஸ்கிரீன் பிரிண்டிங்னே இருந்துட்டுப் போகட்டுமுங்க."

பீளமேட்டுக் கூட்டமொன்றுக்குப் பதினாறு சொற்களில் ஒரு முழக்கம் எழுதிக் கொடுத்தேன். எதுகையும் மோனையும் இழைத்த முழக்கம். அவர் இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டார். நான் கொதித்தேன். "கோவிச்சுக்காதீங்க. சிக்னல்ல வண்டியில நிக்கறவன் இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பின்னால இருக்கறவன் ஆரன் அடிச்சே கொன்னுபோடுவான். மிச்சத்த மேடையில பேசிக்கங்க. அங்க உங்கள ஆருங்க நிறுத்தறது?"

அவருடைய வேலைமுறை வேறெவரிடமும் நான் காணாதது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம் வேண்டும். பிறர் எல்லா நிறங்களையும் வரைந்து முடித்த பின்பே அச்சிடத் தொடங்குவர். நசீர் வெளிர் நிறங்களை முதலில் அச்சிட்டுக் காயவிடுவார். அத்தாள்களின் முன் நெடுநேரம் அமர்ந்து பார்த்த பிறகே கறுப்பை வரைவார். உருவத்தின் கோடு, முகம், எழுத்து யாவும் அந்தக் கறுப்பில்தான் வரும். "மொதல்லயே கோடு போட்டுட்டா நெறம் அதுக்குள்ள அடைஞ்சு கெடக்குமுங்க. அது எங்க போகுதுன்னு பாத்துட்டு அப்புறமாப் புடிக்கலாம்" என்பார்.

இறப்பதற்கு முதல்நாள் மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். உக்கடத்துக் குளத்தைக் காக்க நாங்கள் கூட்டவிருந்த கூட்டத்திற்கான சுவரொட்டி அப்போது அவர் கையில் இருந்தது. "நாளைக்குக் கறுப்புங்க. என்ன படம்னு இப்பக் கேக்காதீங்க, வந்து பாருங்க." நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் துணைவியார் மும்தாஜ் என்னை மாடிக்கு அழைத்துச் சென்றார். கம்பிகளில் தாள்கள் வரிசையாகத் தொங்கின. அடியில் நீலம், அதன் நடுவே சாய்ந்தாற்போல ஒரு மஞ்சள். அவ்வளவே. அறை முழுதும் தேடினோம். முன்வரைவு என்று ஒரு கோடும் கிடைக்கவில்லை.

"இதை ஒட்டியே ஆகணுமுங்கண்ணா. அவரு கடைசியாச் செஞ்சது ஊட்டுலயே கெடந்து போகக்கூடாது. மஞ்ச என்னன்னு நீங்க சொல்லுங்க. உங்ககிட்டத்தான எல்லாம் பேசுவாரு?"

நசீரின் நண்பரான ஓவியர் ஒருவரும் வந்திருந்தார். ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்களில் மூன்று விதமாகக் கோடு வரைந்து, ஒவ்வொன்றாக மேலே வைத்துக் காட்டினார். ஒரு படகு. நீரில் இறங்கும் ஒரு பறவை. குனிந்து நீரள்ளும் ஒரு பெண். மூன்றும் பொருந்தின. கொடுமை அதுதான்.

"எதுங்கய்யா?" என்றார் ஓவியர். இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எழுந்து நின்று முழங்கிவிடும் நான், வாய் திறவாமல் நின்றேன். படகு என்று சொன்னால் அது நசீரின் படகாகிவிடாது. தெரியாத ஒன்றை அவர் பெயரால் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லாமல் அந்த அம்மையாரின் கண்களைப் பார்க்கவும் துணிவில்லை.

மும்தாஜ்தான் அம்மூன்று தாள்களையும் அடுக்கி ஓவியரிடம் திருப்பிக் கொடுத்தார். "விடுங்க. அப்படியே ஒட்டிப்போடலாம்."

ஒட்டினோம். நாளும் இடமும்கூடக் கறுப்பில் வரவேண்டியவை. ஆகவே அந்தச் சுவரொட்டி எவரையும் எங்கும் அழைக்கவில்லை. கூட்டத்திற்கு வந்தோர் மிகச் சிலர். பேருந்து நிலையச் சுவரருகே பூ விற்றுக்கொண்டிருந்த பெண் என்னைத் தடுத்துக் கேட்டார்: "ஏனுங்க, படமா இது? பாதியிலயே உட்டுட்டீங்களா?"

நசீரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அத்தாள்களில் ஒன்று. என் படிப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருவோர் அது என்ன என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை.