உதட்டைக் குவிக்காமல் ஊதவும்

விருதுநகர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் என் காரின் ரப்பர் குழாய் ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சினார். இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையில் உள்ள தகட்டை, அந்த இழுப்புதான் ஒரு கம்பியால் திருப்புகிறது. கம்பி உள்ளே போய் அப்படியே நிற்க வேண்டும். நழுவி வெளியே வந்தது.

"உள்ள சவ்வு கிழிஞ்சிருச்சு சார். மூச்சு தாங்க மாட்டேங்குது."

பாலிடெக்னிக்கில் நான் ஒரு வாரம் நடத்தும் பாடத்தை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எனக்கு, அப்பாவின் நெஞ்சைச் சோதித்த திருத்தங்கல் டாக்டர் நினைவுக்கு வந்தார்.

அப்பா அப்போது தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, "உதட்டைக் குவிக்காம ஊதுங்க" என்றார். சுடர் லேசாக அசைந்ததோடு சரி. "இனிமே ஆபீசுக்குப் போகாதீக. நெஞ்சு தாங்காது."

வீட்டில் அப்பா விடவில்லை. "ஏலே, நான் முக்குன குச்சி எனக்கே அடங்க மாட்டேங்குது பாரு" என்று சிரித்தபடி பாதிப் பெட்டியைக் கொளுத்தினார். கந்தக நெடியில் இருமினார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அடுத்த குச்சிக்கு அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் ஊதினேன். அணைந்தது.

"அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று அம்மாவிடம் பெருமையாகக் கேட்டார். மறுநாள் வேலைக்குப் போனார். அடுத்த சித்திரைக்கு அவர் இல்லை. நான் ஊதியதை அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

"கம்பியை இழுத்துக் கட்டி விட்டுரட்டுமா சார்? இப்போதைக்கு நல்லா இருக்க மாதிரி ஓடும்."

"வேண்டாம்" என்றேன். "புதுசு வர்ற வரைக்கும் வண்டி இங்கனயே நிக்கட்டும்."