மச்சானின் மாலையில் என் தலையும்

உயிரோடிருக்கிறவர் படத்துக்கு மாலை விழுந்தால், அவர் ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று நான் நம்பியிருந்தேன். வயது ஐம்பத்துமூன்று. கையில் கனடியப் பாஸ்போட். பயத்துக்கு அதெல்லாம் தெரியவில்லை.

நவம்பர் இரண்டாம் திகதி, ஞாயிறு, பகல் இரண்டு மணி. வெக்ஸ்போர்டிலிருந்து நானும் மனைவி சாந்தியும் புறப்பட்டோம். வோர்டன் பஸ், பிறகு மேற்கே போகும் சப்வே, இறங்கியது டவ்றின் ஸ்ரேசன். பதினைந்து கிலோமீற்றர் இருக்கும். ஆளுக்கு மூன்று டொலர் முப்பது சதத்தில் மெக்சிக்கோ போய்விட்டோம்.

அழைத்தவர் மரிசொல், மெக்சிக்கோவிலிருந்து வந்து சாந்தியோடு பேக்கரியில் வேலை செய்பவர். இறந்தவர்கள் வருடத்தில் ஒருமுறை வீட்டுக்கு வருவார்களாம். படையல் வைக்கிறோம், உங்கள் ஆளின் படத்தையும் கொண்டுவாருங்கள் என்றிருந்தார்.

சாந்தியின் அண்ணன் குகன் போய் மூன்று வருடம். எங்கள் வீட்டில் அவருக்குப் படம் மாட்டவில்லை. மாட்டினால் மாலை போட வேண்டும். போட்டால் அவர் செத்தது உண்மையாகிவிடும் என்பது சாந்தியின் பயம். சப்வேயில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை.

மரிசொல் வீட்டில் மூன்று தட்டாக மேசை. மஞ்சள் செவ்வந்தி, மெழுகுதிரி, தண்ணீர், உப்பு, மேலே மாவில் எலும்பு வடிவம் வைத்துச் சுட்ட இனிப்புப் பணிஸ். அவருடைய தகப்பனுக்குப் பிடித்த பியரும் இருந்தது. எங்கள் திவசத்தில் மச்சானுக்கு ஒரு போத்தல் வைத்தால் ஐயர் எழும்பிப் போய்விடுவார். மச்சான் எழும்பி வந்துவிடுவார்.

சாந்தி படத்தை எடுத்து நடுத்தட்டில் வைத்தாள். மரிசொல் தந்த மாலையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, போட்டாள். நான் குனிந்து பார்த்தேன். மச்சான் சிரிக்கிறார். அவர் கை என் தோளில். மாலை இரண்டு பேருக்கும்.

"சாந்தி! உதில நானும் நிக்கிறன்!"

"ஓம். அண்ணா சிரிக்கிற படம் இது ஒண்டுதான்."

"என்னை வெட்டி எடும்!"

"வெட்டினா அண்ணான்ர கை போயிடும்."

"கை போனா என்ன, இஞ்ச நான் போயிடுவன்!"

"சும்மா இருங்கோ. உங்களைக் கொண்டுபோய் அண்ணா என்ன செய்யிறது?"

சாந்தி விளக்கியதும் மரிசொலும் பதறினார். உயிரோடிருப்பவர் படம் அவர்களுக்கும் ஆகாதாம். என் மூடநம்பிக்கைக்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்ததில் பயம் இன்னும் கூடியது.

மரிசொல் மாலையை எடுக்கக் கை நீட்டினார். சாந்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது எடுத்தால் அவள் திரும்பப் போடமாட்டாள், எனக்குத் தெரியும். ஒரு பணிஸை எடுத்து, படத்திலிருந்த என் முகத்தை மறைத்து நிறுத்தினேன்.

"இப்ப நான் இல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

"அண்ணான்ர கை தெரியுதோ?"

"தெரியுது."

அதன் பிறகுதான் அவள் அழுதாள். மரிசொல் ஒரு கதிரை இழுத்துப் போட்டார். ஐந்தரைக்குப் படத்தோடு சப்வே ஏறினோம்.

ஆறு மாதம் தாண்டிவிட்டது. நான் சாகவில்லை. படம் எங்கள் ஹோல் சுவரில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் சாந்தி அதற்குப் பூ வைக்கிறாள், மச்சான் நிற்கும் பக்கத்தில் மட்டும்.