காலியாக விட வேண்டிய கட்டம்

அந்த மின்னஞ்சலில் பொய் ஒன்றுகூட இல்லை. எத்தனையோ முறை படித்துப் பார்த்துவிட்டேன். மரியாதையாகத் தொடங்கி, விவரம் சொல்லி, உதவி கேட்டு, நன்றியோடு முடிகிறது. அப்பா இருபத்திரண்டு ஆண்டுகளாக உழுதுவந்த நிலம் அந்தக் கடிதத்தால்தான் எங்கள் கையை விட்டுப் போனது. எழுதியது நான் இல்லை. எழுதத் தேவையான எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவள் நான்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கிறது. அப்பா சிறுவயதில் ஒரு மிராசுதார் வீட்டு நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். அந்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் களத்துமேட்டில் வைத்து, "இனிமே இந்த ஒம்போது மாவையும் நீயே பாத்துக்க" என்று சொன்னாராம். ஒன்பது மா என்பது மூன்று ஏக்கர். விளைந்ததில் அவர்கள் பங்கை அளந்துவிட வேண்டும், மிச்சம் எங்களுக்கு. எழுத்து எதுவும் கிடையாது. பெரியவர் இறந்த பிறகு நிலம் சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன் பெயருக்கு மாறியது. பேச்சு மாறவில்லை.

ஊரில் பாதி நிலம் இப்படித்தான் நடக்கிறது. குத்தகைக்காரர் பெயரைத் தாலுகாவில் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இருக்கிறது. பதிவாகிவிட்டால் அவரை எளிதில் வெளியேற்ற முடியாது. அதனால் நிலக்காரர்களுக்கு அந்தப் பேச்சே பயம். அந்தப் பயம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் குத்தகைக்காரரின் முதல் வேலை. குத்தகை என்று எங்கள் வீட்டில் யாரும் வெளியே சொன்னதில்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்போம்.

பயிர்க் காப்பீட்டு விண்ணப்பத்தில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. நிலம் குத்தகை என்றால் ஒப்பந்த நகலோ உரிமையாளரின் ஒப்புதல் கடிதமோ இணைக்கச் சொல்லும். நான் முதன்முதலில் விண்ணப்பம் நிரப்பிய வருடம் அப்பா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இத மட்டும் விட்டுரு" என்றார். விட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து, சாகுபடி செய்பவர் என்று அப்பா பெயரைப் போட்டு அடங்கல் சான்று தருவார். அதை வைத்தே விண்ணப்பம் போய்விடும்.

போன வருடம் அப்படிப் போகவில்லை. சர்வே எண்ணின் உட்பிரிவை நான் மாற்றி எழுதியதால் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அதே வருடம் பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருடம் ஒரு புள்ளிகூடப் பிசகக்கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. அலுவலகத்தில் எல்லோரும் ஏஐ ஏஜென்ட்டைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தோம். கறுப்புத் திரையில் நாம் சொல்வதைப் படித்துக்கொண்டு, தானே கட்டளைகளைத் தட்டி வேலையை முடிக்கும் வகை. அதற்குத் தானாக என் மின்னஞ்சலுக்குள் போக வழி இல்லை. தட்டும் கட்டளைகளாலேயே இயங்கும் ஒரு கமாண்ட்லைன் கருவியை நடுவில் வைக்க வேண்டும். அப்பாவின் காகிதங்கள் எல்லாம் என் அஞ்சல்பெட்டிக்குள் ஐந்தாறு வருடமாகச் சிதறிக் கிடந்தன. அடங்கல் படங்கள், பாஸ்புக்கின் முதல் பக்கம், சிங்கப்பூருக்கு நான் அனுப்பிய பயிர்ப் படங்கள். அவற்றை ஏஜென்ட்டே தேடி எடுத்து அடுக்கட்டும் என்று ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன்.

ஒரே வரியில் கருவி இறங்கியது. உள்நுழையச் சொன்னதும் பிரௌசர் திறந்து மூன்று அனுமதிகளைக் காட்டியது. அஞ்சலைப் படிக்க, வரைவு எழுத, அனுப்ப. மூன்றையும் டிக் செய்தேன். மூன்றாவதை விட்டிருக்கலாம். பிறகு தேவைப்பட்டால் மறுபடி முதலிலிருந்து நுழைய வேண்டுமே என்று சோம்பல்.

அடுத்து ஏஜென்ட்டுக்கு ஒரு குறிப்புக் கோப்பு எழுதினேன். பதினோரு வரி. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நெல் ரகம், நட்ட தேதி என்று போகும். ஏழாவது வரி இது: நிலம் குத்தகை, வாய்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகள், எழுத்து இல்லை, உரிமையாளர் சிங்கப்பூரில். எங்கள் வீட்டில் அந்த விஷயம் எழுத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. எழுதும்போது கை தயங்கவில்லை. இயந்திரத்துக்கு விவரத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது என் தொழிலில் முதல் பாடம். அந்த ஒரு கட்டத்தை விட்டுவிடு என்ற பன்னிரண்டாவது வரியை மட்டும் நான் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது அதற்கும் தெரியும் என்று எங்கோ நினைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அது அனுமதி கேட்டது. இந்த அஞ்சலைத் திறக்கலாமா, இந்தப் படத்தை இறக்கலாமா. ஐந்து முறை சரி என்றேன். ஆறாவது முறை, இந்தக் கருவியின் கட்டளைகளுக்கு இனிமேல் கேட்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். என் மனதில் இருந்தது படிக்கும் கட்டளைகள் மட்டும். அனுப்பும் கட்டளையும் அதே கருவியின் பெயரில்தான் தொடங்குகிறது, அதற்கும் சேர்த்தே அனுமதி போய்விட்டது. இதை நான் மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.

விண்ணப்பத்தில் விட்டுப்போனவற்றைக் கண்டுபிடித்து உரியவர்களிடம் கேட்டு வாங்கு என்று சொல்லிவிட்டு, மழைச்சாரலில் நனைந்துகொண்டிருந்த துணிகளை எடுக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. காலியாக இருந்த ஒரே கட்டத்துக்காக உரிமையாளரிடம் ஒப்புதல் கடிதம் கேட்டு எழுதியாயிற்று, வேளாண்மை அலுவலகத்துக்கும் நகல் போயிற்று என்று திரையில் இருந்தது. அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்த்தேன். என் தந்தை தங்கள் நிலத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாக வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்து வருகிறார் என்பதுதான் முதல் வரி. கீழே என் பெயர்.

அனுமதிகளை அந்த நிமிடமே பறித்துவிட்டேன். அதற்கும் ஒரே வரிதான். பிறகு, அது தவறுதலாகப் போன கடிதம், பொருட்படுத்த வேண்டாம் என்று நானே இன்னொன்று எழுதினேன். அதனால் முதல் கடிதத்துக்குக் கனம் கூடியது என்று பிறகுதான் புரிந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. சிங்கப்பூர்க்காரர் அஞ்சலைப் பார்க்காமலே விட்டுவிடக்கூடும் என்று மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை அப்பா உரம் தெளித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து பெரியவரின் மகன் அழைத்தார். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"பதிவு பண்ணப் போறீங்களா?" என்றார் அவர். வணக்கம்கூட இல்லை.

"என்னங்க சின்னய்யா? புரியலீங்க."

"இருபத்திரண்டு வருஷக் குத்தகைன்னு மெயில் வந்திருக்கு. ஆபீசுக்கும் காப்பி. எங்க அப்பா போனதும் புத்தி வந்துருச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே பதில் கிடைத்திருக்க வேண்டும். "பாப்பா காப்பீட்டுக்கு ஏதோ அனுப்பிருக்கும்ங்க. தெரியாம நடந்துபோச்சுங்க" என்றார்.

நான் போனை எடுத்தேன். "சார், அத நான் எழுதல. ஒரு சாஃப்ட்வேர் தானா அனுப்பிருச்சு."

"சாஃப்ட்வேருக்கு எங்க நிலத்தப் பத்தி எப்படிம்மா தெரியும்? நீ சொல்லாம அது எழுதுமா?"

தன் சித்தப்பா வந்து பேசுவார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அம்மாதான் கத்தினாள். "எல்லாத்தையும் எழுதி எழுதி வெக்கிறியே, எங்க வாயில வராத வார்த்தைய எதுக்குடி அதுகிட்ட சொன்ன? அது என்ன உன் கூடப் பொறந்ததா?"

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கதை ஒரே நாளில் ஊருக்குள் போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வயல்காரர் என்னிடம், "என்ன தங்கச்சி, ஒங்க வீட்டு மிஷினு நெலம் யாருதுன்னு தீர்ப்பு எழுதுதாமே? எனக்கும் ஒரு ரெண்டு மா எழுதித் தரச் சொல்லேன்" என்றார். வரிசையே சிரித்தது. ஆனால் மறுநாளே தன் மகனிடம், வீட்டுக் காகிதத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றாதே என்று சொன்னாராம். கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். அவரும், "இப்ப எழுத்துல வந்துருச்சேம்மா, ஒப்புதல் இல்லாம நான் எப்படிப் போடறது?" என்று கையை விரித்தார். அந்த வருடக் காப்பீடு அத்தோடு நின்றது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. பயிர்ப் படங்கள் தேதியோடு இருந்தன. சிங்கப்பூரிலிருந்து வந்த பதில்கள் இருந்தன. பெயர் போட்ட பழைய அடங்கல்கள் இருந்தன. வருட வாரியாக அடுக்கி அப்பா முன் வைத்தேன்.

"நம்மகிட்ட ஆதாரம் இருக்குப்பா. நாமளே பதிவுக்குக் குடுப்போம்."

அவர் காகிதங்களைப் புரட்டினார். "கேசுன்னு போனா எத்தன வருஷம் ஆவும்?"

சொல்ல முடியாது என்றேன்.

"அதுவரைக்கும் வயல்ல எறங்க விடுவாங்களா? பெரியய்யா வாயால குடுத்தாரு, நான் வாயால வாங்கினேன். இத எடுத்து வெய்யி."

கார்த்திகையில் அந்தச் சித்தப்பா தஞ்சாவூரிலிருந்து காரில் வந்தார். அப்பா வயதுதான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முத்திரைத்தாள் ஒன்றை நீட்டினார்.

"பையன் பயந்து போயிருக்கான்பா. இதுல கையெழுத்துப் போட்டுட்டா முன்ன மாதிரியே நீ பாட்டுக்குப் பாரு. யாரும் ஒன்ன எடுக்கப் போறதில்ல. பாப்பா, படிச்சுக் காட்டு."

நான்கு கூறுகள் இருந்தன. அப்பா இந்த நிலத்தில் கூலியாள் மட்டுமே, குத்தகைதாரர் அல்ல. எந்த உரிமையும் கோர மாட்டார். சொல்லும்போது நிலத்தை விட்டு விலகுவார். மூன்றுக்கும் அப்பா தலையசைத்தார். முதல் கூற்றைப் படிக்கையில் என் குரல்தான் இறங்கியது. அவர் முகம் அப்படியே இருந்தது. நான்காவது, நிலத்தைச் சமன் செய்தது உள்ளிட்ட எல்லா வேலையும் உரிமையாளரின் பொறுப்பிலேயே நடந்தது என்றது.

"அத இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"வடக்கால மூணு மா மேடா கெடந்துச்சுங்க. தண்ணி ஏறாது. நானும் எம் பொஞ்சாதியும் மூணு கோடையில வெட்டிக் கூடையில அள்ளிக் கொட்டினோம். மொத கோடையிலதான் இவ வயித்துல இருந்தா."

"அது எனக்குத் தெரியாதா? வக்கீல் சும்மா சேத்ததுப்பா. வெறும் காயிதம்."

"வெறும் காயிதம்னா அந்த வரிய அடிச்சுருங்க. மத்ததுக்குப் போடறேன்."

"அடிச்சா முத்திரைத்தாளு செல்லாது. ஒரு வரிக்காக வம்பு பண்ணாத."

"கூலியாளுன்னு எழுதிக்குங்க, நான் கூலியாளுதான். மண்ண வெட்டினது நான் இல்லேன்னு நான் எப்படிங்க போடறது?"

சித்தப்பா தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அறுத்துக்க. தையோட விட்டுரு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அவர் போன பிறகு நான் அப்பாவிடம் கையெழுத்துப் போட்டுவிடலாமே என்றேன். இதையும் இங்கே சொல்ல வேண்டும். நிலம் தங்கும் என்பதற்காக, அவர் பொய் சொன்னால் போதும் என்று கேட்டவள் நான். அவர் களை எடுக்க ஆள் சொல்ல வேண்டும் என்று வெளியே கிளம்பினார்.

அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது. தை கடைசியில் அறுவடை இயந்திரம் இறங்கி ஒரே பகலில் முடித்துவிட்டது. அவர்கள் பங்கு நெல் வண்டியேறிய மறுநாள் சித்தப்பா வந்தார். சுற்றிலும் கம்பி வேலி போடப் போகிறார்களாம். வரப்பில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"எது நம்ம எல்லைன்னே எனக்குத் தெரியலப்பா. நீதான் காட்டணும். பாப்பா, போன்ல போட்டோ எடுத்துக்க."

அப்பா மண்வெட்டியோடு அறுத்த வயலில் இறங்கி நடந்தார். எல்லைக்கல் நான்கும் சேற்றில் புதைந்து மேலே எதுவும் தெரியவில்லை. அவர் எங்கும் தேடவில்லை. வரப்பின் ஒரு முனையில் நின்று இரண்டு வெட்டு வெட்டினார், முதல் கல் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கல்லருகே, "இங்க ஒரு மொழம் அடுத்த வயல்காரரு உள்ள தள்ளி வரப்பு போட்டுருக்காருங்க. வேலிக்கு முன்னாடி அளந்துக்குங்க" என்றார்.

நான்காவது வாய்க்கால் கரையில். வண்டல் ஏறியிருந்தது. வெட்டிக்கொண்டே இருந்தார், கல் தட்டவில்லை.

"விடுப்பா, வேலிக்காரன் பாத்துப்பான்."

"இருங்க. அவனுக்குத் தெரியாது."

இடுப்பளவு குழியானது. கடைசியில் மண்வெட்டி கல்லில் மோதியது. அப்பா உள்ளே இறங்கிக் கையால் சேற்றை வழித்தார். நான் படம் எடுத்தேன். நான்கு படங்களையும் சித்தப்பாவின் எண்ணுக்கு அனுப்பினேன். நாங்கள் வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் வேலிக்கல் ஏற்றிய டிராக்டர் எங்கள் தெருவைத் தாண்டிப் போயிற்று.